எண்ணிப் பார்த்த குப்பை

கடற்கரையைத் தூய்மைப்படுத்தும் தன்னார்வலர் குழு ஒன்றோடு நான் முதன்முறை சென்றபோது, என் கையில் ஒரு சாக்குப்பையையும் ஒரு பென்சிலையும் அட்டையில் செருகிய ஒரு படிவத்தையும் கொடுத்தார்கள். சாக்குப்பை எதற்கென்று புரிந்தது. படிவம் எதற்கென்று புரியவில்லை. கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனால் போதாதா என்று கேட்டேன். "அள்ளுவதற்கு முன்னால் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் என்ன பொருள் என்று பார்த்து, அதற்குரிய கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள்" என்றார் குழுவை நடத்தியவர். குனிந்து எடுத்து, திருப்பிப் பார்த்து, இன்ன பொருள் என்று கண்டுகொண்டு, கோடு போட்டு, அதன் பிறகே பைக்குள் போடவேண்டும் என்பதால் வேலை மிக மெதுவாக நடந்தது. இரண்டு மணி நேரத்தில் நான் கடந்த தூரம் 50 அடிகூட இருக்காது.

அன்று வரையிலும் கடற்கரைக் குப்பை என்றால் தண்ணீர்ப் புட்டிகளும் கைப்பைகளும்தான் என் மனத்தில் இருந்தன. படிவமோ வேறு கதை சொல்லியது. மிக அதிகமான கோடுகள் விழுந்தது சிகரெட் துண்டுகளுக்கான கட்டத்தில். அந்தப் பஞ்சு வடிகட்டி பருத்தியால் ஆனது என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அது செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் ஒரு வகை நெகிழி. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கி இன்று உலகம் முழுவதும் நடைபெறும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியின் கணக்குகளில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதலிடம் வகித்தவை இந்தச் சிகரெட் துண்டுகள்தாம். 2019ஆம் ஆண்டின் கணக்கில்தான் தின்பண்ட உறைகள் முதன்முறையாக அவற்றை முந்தின. இது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அக்கறையின்மை அன்று. அக்கறை நிறையவே இருந்தது. எண்ணிப் பார்க்கும் வேலையைத்தான் நான் ஒருபோதும் செய்யவில்லை. எண்ணுதல் என்ற சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என்று இரண்டு பொருளையும் நம் மொழி ஏன் வைத்திருக்கிறது என்பது அந்த மணல்மேட்டில் எனக்கு விளங்கியது.

சுற்றுச்சூழல் விழிப்புணர்வைப் பற்றி எழுதவேண்டும் என்று உட்கார்ந்தபோது இந்த நிகழ்வுதான் முதலில் நினைவுக்கு வந்தது. சுவரொட்டி எழுதுவது, பேரணியில் முழக்கமிடுவது, பள்ளி மாணவர்களிடம் உறுதிமொழி வாங்குவது என விழிப்புணர்வின் பெயரால் நடக்கும் எல்லாவற்றிலும் நானும் பங்கெடுத்திருக்கிறேன். நெகிழி தீங்கானது என்று சொன்னால் இன்று மறுப்பவர் எவரும் இல்லை. கேட்பவர் தலையசைக்கிறார், வருந்துகிறார், வீட்டுக்குப் போகிறார், உற்பத்தி மறுநாளும் கூடுகிறது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இன்னும் உரத்துச் சொல்வதால் என்ன பயன் என்ற கேள்வி என்னை வெகுநாள் அரித்தது. நமக்குக் குறைவாக இருப்பது விவரம் என்றே இப்போது நினைக்கிறேன்: இந்தப் பொருள் எதிலிருந்து வந்தது, யார் செய்தார்கள், நம் கையில் எவ்வளவு நேரம் இருந்தது, அதன் பிறகு எங்கே போகிறது என்ற விவரம். இந்த அளவுக்குத் துல்லியமாக மக்கள் அறிந்துகொண்ட இடங்களில் சட்டங்கள் மாறியிருக்கின்றன. பொதுவான வருத்தமாக நின்றுவிட்ட இடங்களில் பெரும்பாலும் எதுவும் மாறவில்லை.

எனவே தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இரு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவை மிகக் கடுமையான அழுத்தத்தில் வேறொரு வேதிப்பொருளோடு சேர்த்துப் பார்த்தபோது, அவர்கள் எதிர்பார்த்தது கிடைக்காமல் கலத்தில் மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. இன்று நாம் பாலிதீன் என்று அழைக்கும் பொருளின் பிறப்பு அதுதான். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட அந்தப் பொருள், போர் முடிந்ததும் வீட்டுக்குள் நுழைந்தது. 1965ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த, கைப்பிடியோடு கூடிய ஒரே துண்டுப் பைக்குக் காப்புரிமை கிடைத்தது. எடை குறைவு, நீர் புகாது, கிழியாது, துருப்பிடிக்காது என்று இத்தனை நற்குணங்களும் ஒருசேர அமைந்த பொருளை மனிதர் அதற்கு முன் கண்டதில்லை. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் இரத்தம் சேமிக்கும் பையும், ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்குப் பயன்படுத்தாத ஊசிக் குழலும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. நெகிழியை முற்றிலும் ஒழிப்போம் என்ற முழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேடு எங்கே தொடங்கியது என்றால், நூற்றாண்டுக் கணக்கில் அழியாத ஒரு பொருளைச் சில நிமிடப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியதில்தான். உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் நெகிழியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பொதி உறைகளாகச் செய்யப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி, செய்யப்பட்ட அதே ஆண்டிலேயே குப்பையாகிவிடுகிறது. 1950ஆம் ஆண்டு உலகின் மொத்த நெகிழி உற்பத்தி சுமார் 20 இலட்சம் டன். 2019ஆம் ஆண்டு அது ஏறத்தாழ 46 கோடி டன். ஒரே தலைமுறையின் வாழ்நாளுக்குள் 200 மடங்குக்கும் மேலாகப் பெருகிய வேறொரு பொருளை நினைவுகூர்வது கடினம். ரோலண்ட் கெயர், ஜென்னா ஜாம்பெக், காரா லாவெண்டர் லா ஆகிய மூவர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 2015 வரை மனிதர் உருவாக்கிய நெகிழி மொத்தம் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் அதற்குள் குப்பையாகிவிட்டது. அந்தக் குப்பையில் 9 விழுக்காடு மறுசுழற்சிக்குச் சென்றது, 12 விழுக்காடு எரிக்கப்பட்டது, எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் இயற்கைவெளியிலும் கிடக்கிறது.

அந்த 9 விழுக்காடு என்ற எண்ணை முதன்முதலில் படித்தபோது அச்சுப் பிழையோ என்று ஐயுற்றேன். ஏனென்றால் வீட்டில் நெகிழியைத் தனியே பிரித்து, கழுவி, உலர்த்தி, உரிய தொட்டியில் போடுவதை ஒரு நோன்பைப் போல நான் செய்துவந்தவள். போட்டுவிட்டு வரும்போது கடமை முடிந்தது என்ற நிம்மதி இருக்கும். அந்த நிம்மதிக்குப் பெரிதும் துணைநின்றது, புட்டியின் அடியில் அம்புக்குறிகளால் ஆன ஒரு சிறிய முக்கோணமும் அதற்குள் ஓர் எண்ணும். அது இருந்தால் அந்தப் பொருள் மறுசுழற்சி ஆகும் என்றே நினைத்திருந்தேன். என்னைப் போல நினைப்பவர் கோடிக்கணக்கில் இருப்பார்கள். உண்மையில் 1988ஆம் ஆண்டு அமெரிக்க நெகிழித் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த அந்த எண்கள், பொருள் எந்த வகை நெகிழியால் ஆனது என்பதை மட்டுமே குறிக்கின்றன. 1 என்றால் தண்ணீர்ப் புட்டிகள் செய்யும் பெட் வகை, 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிதீன், 3 என்றால் பிவிசி என்று அந்த வரிசை 7 வரை செல்கிறது. ஏழாம் எண்ணுக்கு "மற்றவை" என்று பொருள். உலகின் பெரும்பாலான இடங்களில் முதல் இரண்டு வகைகளுக்கு ஓரளவு சந்தை இருக்கிறது. ஐந்தாம் எண்ணான பாலிபுரொப்பிலீனுக்குச் சில இடங்களில் இருக்கிறது. மற்றவற்றை வாங்குவார் அரிது.

மறுசுழற்சி ஏன் இவ்வளவு கடினமானது என்பதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. கண்ணாடியையும் உலோகத்தையும் உருக்கினால் மீண்டும் அதே கண்ணாடி, அதே உலோகம் கிடைக்கும். நெகிழி அப்படியன்று. ஒவ்வொரு வகையும் வெவ்வேறு வெப்பத்தில் உருகுவது. ஒரு வகைக்குள் இன்னொரு வகை சிறிதளவு கலந்துவிட்டாலும் முழுக் கலவையும் கெட்டுப்போகும். போதாக்குறைக்கு வண்ணம், மிருதுத்தன்மை, தீப்பற்றாமை எனப் பல தேவைகளுக்காகச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களும் உண்டு. நெகிழியோடு தொடர்புடைய வேதிப்பொருள்கள் 13,000க்கும் மேல் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு வலு குறைகிறது. ஆகவே பழைய புட்டியிலிருந்து பெரும்பாலும் புதிய புட்டி வருவதில்லை. துணி இழையோ தரைவிரிப்போ வருகிறது, அதற்கடுத்த பயணம் குப்பைமேட்டுக்குத்தான். சிறு பொட்டலங்களின் உறையை எடுத்துக்கொண்டால், நெகிழியும் அலுமினியப் படலமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட அதைப் பிரித்தெடுக்க நடைமுறையில் வழியே இல்லை. இவற்றையெல்லாம் அறிந்த பிறகும் நான் குப்பையைப் பிரித்துத்தான் வைக்கிறேன். ஆனால் அத்தோடு கடமை முடிந்தது என்ற நிம்மதி மட்டும் போய்விட்டது, போனது நல்லதே.

உலகில் மறுசுழற்சிக்கெனச் சேகரிக்கப்படும் நெகிழியில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைச் சேகரிப்பவர்கள் தெருவிலும் குப்பைமேட்டிலும் தம் கையால் பொறுக்கிப் பிழைப்போர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்த 9 விழுக்காட்டைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் அவர்கள் முதுகுதான். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல், எந்தப் புட்டிக்கு விலை உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லக்கூடிய அந்த மனிதர்களைவிட இந்தப் பொருளை நன்கறிந்தவர் வேறு யாரும் இல்லை. விழிப்புணர்வுக் கூட்ட மேடைகளில் அவர்களில் ஒருவரையாவது பேச அழைத்து நான் கண்டதில்லை.

மிஞ்சிய பெரும்பங்கு எங்கே போகிறது? 2010ஆம் ஆண்டில் மட்டும் கடலோர நாடுகளின் நிலப்பரப்பிலிருந்து 48 இலட்சம் டன் முதல் 127 இலட்சம் டன் வரையிலான நெகிழி கடலுக்குள் சென்றிருக்கலாம் என்று ஜாம்பெக் குழுவினர் கணித்தனர். தென் பசிபிக் பெருங்கடலில் ஹெண்டர்சன் என்ற தீவு இருக்கிறது. மனிதர் வாழாத தீவு, மக்கள் பெருந்தொகையாக வாழும் எந்த இடத்திலிருந்தும் 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பது. 2015ஆம் ஆண்டு அங்கே சென்று பார்த்த ஆய்வாளர்கள், அதன் கரைகளில் சுமார் 3 கோடியே 77 இலட்சம் நெகிழித் துண்டுகள் கிடப்பதாகக் கணக்கிட்டார்கள். கடலின் மிக ஆழமான பகுதியான மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில் ஒரு நெகிழிப் பை கிடந்ததை 1998இல் ஆழ்கடல் படக்கருவி பதிவுசெய்தது. எவரெஸ்ட் சிகரத்துக்குச் சற்றுக் கீழே, 8,440 மீட்டர் உயரத்தில் எடுத்த பனியிலும் நெகிழி இழைகள் இருந்தன. மனிதன் கால் வைக்காத இடத்திலும் அவன் விட்டெறிந்தது போய்ச் சேர்ந்துவிட்டது.

பசிபிக் கடலின் பெரும் குப்பைப் பரப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் விழிப்புணர்வின் பெயரால் மிகவும் திரித்துச் சொல்லப்பட்ட செய்திகளில் அதுவும் ஒன்று. நடந்து போகக்கூடிய ஒரு குப்பைத் தீவு அங்கே மிதப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். சுமார் 16 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால், அதன் நடுவே படகில் செல்பவர் வெறும் நீலக் கடலையே பெரும்பாலும் காண்பார். 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, அங்குள்ள நெகிழியின் எடையில் 46 விழுக்காடு கைவிடப்பட்ட மீன்பிடி வலைகள் என்று கண்டது. அறுந்த வலைக்கு மீன்பிடிப்பதை நிறுத்தத் தெரியாது. ஆளில்லாமலேயே அது ஆண்டுக்கணக்கில் ஆமையையும் சுறாவையும் கடற்சிங்கத்தையும் சிக்கவைத்துக் கொன்றுகொண்டே இருக்கும். தீவு என்று மிகைப்படுத்திச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் தீவு என்றால் அள்ளிவிடலாம் என்று தோன்றும். சிதறல் என்றால், அது சிதறுவதற்கு முன்பே தடுக்கவேண்டும் என்பது புரியும்.

பறவைகள் நெகிழியைத் தின்பதைப் பார்க்கும்போது அவற்றுக்கு அறிவில்லை என்று நினைத்துவிடுகிறோம். மிதக்கும் நெகிழியின் மேல் நுண்பாசிகள் படிகின்றன. அவற்றிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயு எழுகிறது. கடலில் இரை மிகுந்த இடத்தை ஆல்பட்ராஸ் முதலிய பறவைகள் மோப்பம் பிடிப்பது இதே வாயுவைக் கொண்டுதான் என்பதால், பல இலட்சம் ஆண்டுகளாக அவற்றை வழிநடத்திய மூக்கே இப்போது அவற்றை நஞ்சிடம் கூட்டிச் செல்கிறது. 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. வட பசிபிக்கின் மிட்வே தீவில் இறந்து மட்கிய ஆல்பட்ராஸ் குஞ்சுகளின் எலும்புக்கூட்டுக்குள், வயிறு இருந்த இடத்தில், புட்டி மூடிகளும் தீமூட்டிகளும் வண்ணம் மாறாமல் கிடக்கும் ஒளிப்படங்களை நான் பார்த்திருக்கிறேன். தாய்ப்பறவை வெகுதொலைவு பறந்துபோய்த் தேடிக் கொண்டுவந்து ஊட்டியவை அவை. அந்தப் படங்களைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொருளாக உருப்பெறுவதற்கு முன்பேகூட நெகிழி கடலை மாசுபடுத்துகிறது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. எண்ணெய், எரிவாயு ஆலைகளிலிருந்து நெகிழி பயறளவுக் குருணைகளாகத்தான் வெளியே வருகிறது. தொழிற்சாலைகள் அவற்றை உருக்கிப் பொருள்களைச் செய்கின்றன. 2021ஆம் ஆண்டு இலங்கையின் மேற்குக் கடற்கரைக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது, ஏறத்தாழ 1,680 டன் குருணைகள் அதில் இருந்தன. கரை முழுவதும் வெண்பனி விழுந்ததுபோல அவை ஒதுங்கின. யாரும் எதையும் கண்ட இடத்தில் வீசவில்லை. நுகர்வோர் ஒருவரின் கைகூட அதன்மேல் படவில்லை. தனிமனிதரின் பழக்கம் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடம் இந்தக் கப்பலைப் பற்றித்தான் நான் முதலில் பேசுகிறேன்.

இனி, கண்ணுக்குத் தெரியாத பகுதி. நெகிழி மட்குவதில்லை, வெயிலிலும் அலையிலும் நொறுங்குகிறது. 1972ஆம் ஆண்டே வட அட்லாண்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான சர்காசோ கடலின் மேற்பரப்பில் நெகிழித் துகள்கள் மிதப்பதை எட்வர்ட் கார்பென்டர், கென்னத் ஸ்மித் என்ற இருவர் பதிவுசெய்து, உற்பத்தி கூடினால் இவையும் கூடும் என்று எச்சரித்தார்கள். உலகம் காது கொடுக்கவில்லை. 2004இல் பிரிட்டனின் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகே நுண்நெகிழி என்ற சொல் பரவலானது. செயற்கை இழைத் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும், வாகனச் சக்கரம் சாலையில் தேயும்போதும் இந்தத் துகள்கள் உருவாகின்றன. 2022ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரின் இரத்தத்தில் நெகிழித் துகள்கள் இருப்பதைக் கண்டார்கள். உடலில் இருப்பதும் நோயை உண்டாக்குவதும் ஒன்றல்ல. இருப்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது, விளைவை ஆராயும் பணி நடந்துகொண்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை மறைத்து அச்சமூட்டுவது நம் பக்கத்து வாதத்தைத்தான் பலவீனப்படுத்தும். வாரந்தோறும் ஒவ்வொரு மனிதரும் ஒரு கடன் அட்டையின் எடை அளவுக்கு நெகிழியை விழுங்குகிறார் என்று 2019இல் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. நானும் அதைக் கூட்டங்களில் சொன்னேன். பிறகு வந்த ஆய்வுகள் உண்மையான அளவு அதைவிடப் பல மடங்கு குறைவு என்று காட்டின. அதன் பின்னர் எந்த எண்ணையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்காமல் நான் மேடையில் சொல்வதில்லை.

விழிப்புணர்வை எவர் எதற்காகப் பரப்புகிறார் என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் "அமெரிக்காவை அழகாக வைத்திருப்போம்" என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் புட்டிகளையும் தகரக் குவளைகளையும் செய்யும் நிறுவனங்களும் பானங்கள் விற்கும் நிறுவனங்களும் அதன் பின்னால் நின்றன. 1971இல் அந்த அமைப்பு வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரத்தில், பூர்வகுடி உடையணிந்த ஒருவர் குப்பை மண்டிய கரையில் படகிலிருந்து இறங்கி, நெடுஞ்சாலையோரம் நின்று ஒரு துளிக் கண்ணீர் விடுவார். மாசைத் தொடங்குவோர் மக்கள், நிறுத்தக்கூடியவர்களும் மக்களே என்ற குரல் பின்னணியில் ஒலிக்கும். அந்தக் கண்ணீர் அமெரிக்கரின் மனத்தை உலுக்கியது. அதே காலத்தில்தான், புட்டிகளைத் திருப்பித் தந்தால் முன்பணம் மீளக் கிடைக்கும் முறையைச் சட்டமாக்க முயன்ற மாநிலங்களில், அந்தத் தொழில்துறை அச்சட்டங்களை எதிர்த்துக்கொண்டிருந்தது. 1971இல் ஒரிகன் மாநிலம் அந்த எதிர்ப்பை மீறிச் சட்டம் இயற்றி முன்னோடியானது. குப்பை போடாதே என்ற அறிவுரையில் தவறேதும் இல்லை. ஆனால் குப்பையாவதற்கென்றே ஒரு பொருளைச் செய்பவர், அதை வாங்கியவரைப் பார்த்து அந்த அறிவுரையைச் சொல்லும்போது, பொறுப்பு ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு ஓசையின்றி மாறிவிடுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை அந்த விளம்பரத்தின் குரலிலேயே பேசுகின்றன. நான் எழுதிய சுவரொட்டிகளும் அப்படித்தான் பேசின.

2015ஆம் ஆண்டு கோஸ்டா ரிக்கா கடலில் ஓர் ஆமையின் மூக்கிலிருந்து நெகிழி உறிஞ்சுகுழலை ஆய்வாளர்கள் இடுக்கியால் இழுத்தெடுக்கும் காணொளி வெளியானது. குருதி வடிய அந்த ஆமை துடித்ததைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். உறிஞ்சுகுழலுக்குப் பல நாடுகளும் நகரங்களும் தடை விதித்தன. கடலில் சேரும் நெகிழியில் உறிஞ்சுகுழல் மிகச் சிறிய பங்கு என்பதும், அது இல்லாமல் நீர் அருந்தவே இயலாத மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்பதும் அந்த வேகத்தில் மறக்கப்பட்டன. ஆயினும் அந்தக் காணொளியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஒரு குறிப்பிட்ட பொருள் ஒரு குறிப்பிட்ட உயிருக்குச் செய்த கேட்டை அது கண்முன் காட்டியது. அதனால்தான் மக்கள் அசைந்தார்கள்.

இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு முகம் கழுவும் களிம்புகளிலும் பற்பசைகளிலும் தேய்ப்புக்காகச் சேர்க்கப்பட்ட நுண்மணிகள். அவை நேராகக் கழிவுநீரில் போய்ச் சேர்ந்தன. வட அமெரிக்கப் பேரேரிகளில் அந்த மணிகள் மிதப்பதை 2013இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். 2015 டிசம்பரில் கழுவி நீக்கும் அழகுப் பொருள்களில் அவற்றைத் தடைசெய்யும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. பிரிட்டன் 2018இல் பின்தொடர்ந்தது. எந்தப் பொருள், எதில் இருக்கிறது, எந்த வழியாக நீரை அடைகிறது, யார் நிறுத்தவேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெளிவாக இருந்ததால், ஓரிரு ஆண்டுகளில் சட்டம் வந்துவிட்டது. வங்கதேசமும் இப்படித்தான்: வெள்ளக் காலங்களில் வடிகால்களை அடைத்து நீரைத் தேக்கியவை மெல்லிய நெகிழிப் பைகளே என்று கண்டறிந்து, 2002ஆம் ஆண்டு உலகிலேயே முதல் நாடாக அவற்றைத் தடைசெய்தது. அதே ஆண்டு அயர்லாந்து பைகளுக்கு வரி விதித்தது. பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது.

நாடு நாடாகச் செய்தால் போதாது என்பதால், 2022 மார்ச் 2ஆம் நாள் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவை, நெகிழி மாசை ஒழிக்கச் சட்டப்படி கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றை உருவாக்கவேண்டும் என்று தீர்மானித்தது. நெகிழியின் பிறப்பு முதல் இறப்பு வரை முழு வாழ்நாளும் அதில் அடங்கவேண்டும் என்பது அந்தத் தீர்மானத்தின் உயிர்நாடி. உருகுவேயில் தொடங்கி பாரிஸ், நைரோபி, ஒட்டாவா என்று பேச்சு நீண்டது. 2024 இறுதியில் தென்கொரியாவின் பூசானில் முடிந்திருக்கவேண்டியது முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் மீண்டும் கூடி, உடன்பாடின்றியே கலைந்தார்கள். தடை எது என்பது வெளிப்படையானது. உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டும் என்று 100க்கும் மேற்பட்ட நாடுகள் பூசானில் கோரின. எண்ணெய் வளமும் நெகிழித் தொழிலும் மிகுந்த நாடுகள், உற்பத்தியைத் தொடவேண்டாம், குப்பை மேலாண்மையைப் பற்றி மட்டும் பேசுவோம் என்கின்றன. நெகிழியில் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பிறப்பது. 2019இல் உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் 3.4 விழுக்காடு நெகிழியின் வாழ்நாள் வழியாக வந்தது என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. எரிபொருளின் தேவை குறையக்கூடும் என்று அஞ்சும் தொழில்துறைக்கு நெகிழி ஒரு புகலிடம் என்பதால், இந்தப் பிடிவாதம் எளிதில் தளராது.

ஓசோன் படலத்தை நினைத்துப் பார்க்கிறேன். குளிர்பதனப் பெட்டிகளிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன் என்னும் வாயுக்கள் அதைச் சிதைக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அண்டார்க்டிகாவின் மேல் விழுந்த ஓட்டை 1985இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாகி, பிற்பாடு உலகின் எல்லா நாடுகளும் அதில் இணைந்தன. அப்போது வாசனைத் தெளிப்பானைக் குறைவாகப் பயன்படுத்துங்கள் என்று மக்களிடம் கேட்டதோடு உலகம் நின்றுவிடவில்லை; அந்த வாயுவின் உற்பத்தியையே படிப்படியாக நிறுத்தியது. இதை இளைஞர்களிடம் சொல்லும்போதெல்லாம் அவர்கள் வியப்பதைக் காண்கிறேன். உலகம் ஒருமுறை ஒன்றுபட்டுச் செய்து முடித்த வேலை ஒன்று உண்டு என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது.

இப்போதெல்லாம் பேச அழைக்கும் இடங்களுக்குச் சுவரொட்டிகளை எடுத்துச் செல்வதில்லை. படிவங்களை எடுத்துச் செல்கிறேன். ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் நெகிழியை எண்ணி எழுதுங்கள், அடியிலுள்ள எண்ணையும் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரையும் குறியுங்கள், எந்த உறை இல்லாமலேயே அந்தப் பொருள் உங்களை வந்தடைந்திருக்க முடியும் என்று பக்கத்தில் எழுதுங்கள் என்கிறேன். ஒரு வாரம் எண்ணியவர்கள் திரும்பி வரும்போது அவர்களுடைய கேள்விகள் மாறியிருக்கின்றன. நான் எதைக் குறைக்கவேண்டும் என்று கேட்டவர்கள், இதை யாரிடம் முறையிடவேண்டும், உடன்படிக்கைப் பேச்சில் நம் நாட்டுப் பிரதிநிதிகள் என்ன நிலைப்பாடு எடுத்தார்கள் என்று கேட்கிறார்கள்.

கடற்கரைக்கும் இன்னும் போகிறேன். எங்கள் படிவத்தின் கடைசி வரிசையில் "அடையாளம் காண முடியாத துண்டுகள்" என்று ஒரு கட்டம் உண்டு. மூடியா, பொம்மையா, வாளியின் விளிம்பா என்று சொல்ல முடியாதபடி நொறுங்கிப்போனவற்றுக்கு அந்தக் கட்டம். சிகரெட் துண்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. புட்டியில் அதைச் செய்தவரின் முத்திரை இருக்கிறது. இந்தத் துண்டுகளைக் கொண்டுபோய் இது உன்னுடையது என்று யாரிடமும் காட்ட முடியாது. சென்ற முறை அந்தக் கட்டம் நிரம்பி, கோடுகள் ஓரத்துக்கு ஏறி, தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் போடவேண்டியதாயிற்று. இருட்டும் வரை உட்கார்ந்து, இருபக்கத்துக் கோடுகளையும் ஐந்து ஐந்தாகக் கூட்டி, தொகையைத் தாளின் மேல்முனையில் எழுதி, குழுவை நடத்துபவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.